மாத நடுவில் வேகம், மாத இறுதியில் மந்தம்: அச்சகக் கணினிகள் படிப்படியாக மெதுவாவதற்கு எதைச் சோதிப்பது?

காக்கிபுக்கிட்_அச்சகம்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வடிவமைப்பு, பிளேட் தயாரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கணினிக்கென்று எங்களிடம் தனி ஆள் இல்லாததால், ஆறு கணினிகளின் பராமரிப்பும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆறும் ஒரே நேரத்தில் வாங்கியவை. நான்கு ஆண்டு ஆகிறது. ஒவ்வொன்றிலும் 32 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றும் காலையிலிருந்து மாலைவரை திறந்தே இருக்கும்.

எந்தக் கணினியும் திடீரென்று நின்றுபோவதில்லை; பிழைச்செய்தியும் வருவதில்லை. ஆனால் எல்லாம் மெல்ல மெல்ல மந்தமாகின்றன. முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்த பிடிஎஃப் ஏற்றுமதிக்கு இப்போது மூன்று நிமிடம்வரை ஆகிறது. மாதத்தின் நடுவில் சில நாள் நன்றாக ஓடுவதும், மாதக் கடைசியிலும் அடுத்த மாதத் தொடக்கத்திலும் மோசமாவதும் வழக்கமாகிவிட்டது. மாதக் கடைசியில் வேலை குவிவதால் அப்படித் தோன்றுகிறது என்று சக ஊழியர்கள் சொல்கிறார்கள். அச்சுக்கூடத்தின் கதவையொட்டி இருக்கும் இரண்டு கணினிகள் பிற்பகலில் கூடுதலாகத் திணறுகின்றன. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 40 விழுக்காட்டைத் தாண்டுவதே இல்லை.

ஆறையும் மாற்றிவிடலாம் என்பது முதலாளியின் எண்ணம். ஒரு கணினிக்கு ஏறக்குறைய 2,800 வெள்ளி, அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்று விலைப்பட்டியல் வந்திருக்கிறது. அவ்வளவு பணம் போடுவதற்கு முன், கோளாறு எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மென்னிழை

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாதக் கணக்குதான். அதை வேலைப்பளு என்று ஒதுக்கிவிட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரப்படி அது புதன்கிழமை விடியற்காலை. அந்த வாரத்திலோ அதற்கு அடுத்த சில நாட்களிலோ உங்கள் கணினிகள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு ரீஸ்டார்ட் ஆகும். மாத நடுவில் வேகம் திரும்புவதற்கு அந்த ரீஸ்டார்ட்டே காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்.

"நாங்கள்தான் தினமும் மாலையில் அணைத்துவிட்டுப் போகிறோமே" என்று கேட்பீர்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயல்பாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தால் பயனரின் கணக்கு மட்டும் முழுமையாக மூடப்படும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், வன்பொருள்களை இயக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் டிரைவர் மென்பொருள்களும் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தனவோ அதே நிலையில் வட்டில் எழுதப்பட்டு, மறுநாள் காலையில் அப்படியே நினைவகத்துக்குத் திரும்பிவரும். ஆகவே கெர்னல் பகுதியில் ஏதேனும் நினைவகத்தை வாங்கித் திருப்பித் தராமல் இருந்தால், அந்தக் கடன் ஷட்டவுனால் தீர்வதில்லை. ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும்.

இதைச் சரிபார்ப்பது எளிது. டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பகுதிக்குப் போய்ச் சிபியுவைத் தேர்ந்தெடுத்தால், கீழே எவ்வளவு காலமாகக் கணினி இயங்குகிறது என்ற கணக்கு நாள், மணி, நிமிடமாக இருக்கும். ஆறு கணினிகளிலும் அது என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். இப்போது முழு ரீஸ்டார்ட் கொடுத்தால் ஓராண்டுக்கு முன்பு இருந்த வேகம் திரும்புகிறதா, அல்லது ஓரளவுதான் திரும்புகிறதா? படிப்படியான மந்தம் ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் வெவ்வேறு கால அளவில் நகரும் பல காரணங்கள் இருக்கக்கூடும். சில மணி நேரத்தில் வந்து போவது ஒன்று, ரீஸ்டார்ட்டோடு மறைவது ஒன்று, எதற்கும் மறையாமல் ஆண்டுக்கணக்கில் கூடுவது ஒன்று என்று பிரித்துக்கொள்ளாமல் தேடினால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதைக் காரணம் காட்டி அதையும் தவறென்று முடிவுசெய்துவிடுவோம்.

பூன்லே_வாசி

மன்னிக்கவும், இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. பல ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்து வருகிறேன். நான்கு ஆண்டு ஓடிய விண்டோஸில் என்னென்ன மென்பொருள் வந்தது, எது போனது, எது பாதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆறையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினால் திங்கட்கிழமை காலையில் எல்லாம் புதுக் கணினிபோல் ஓடும். காரணத்தைத் தேடி ஒருவர் மூன்று வாரம் செலவிட்டால் அவருடைய சம்பளத்துக்கு என்ன கணக்கு?

காக்கிபுக்கிட்_அச்சகம்

மென்னிழை அவர்களே, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஐந்து கணினிகளில் இயங்கும் காலம் மூன்று வாரத்தைத் தாண்டியிருக்கிறது, அதுவும் தினமும் மாலையில் நானே நின்று அணைக்கவைத்த கணினிகளில். ஆறாவது கணினியை அண்மையில் ஒருவர் ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். அதில் மட்டும் நாட்கள் குறைவாக இருக்கின்றன, வேகமும் மற்றவற்றைவிடப் பரவாயில்லை.

ஒரே பிடிஎஃப் ஏற்றுமதியைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ரீஸ்டார்ட்டுக்கு முன் ஏறக்குறைய மூன்று நிமிடம். பின்பு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. புதிதாக வாங்கியபோது ஒரு நிமிடம்தான் ஆனது. எனவே ஓரளவுதான் திரும்புகிறது. கதவோரக் கணினிகள் இரண்டும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் பிற்பகலில் முன்போலவே திணறுகின்றன.

மென்னிழை

நல்லது. அந்த ஏற்றுமதியை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதே கோப்பு, அதே அமைப்பு, அதே கணினி. எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் அதையே ஓட்டிப் பாருங்கள். "கொஞ்சம் பரவாயில்லைபோல் இருக்கிறது" என்ற உணர்வை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

பூன்லே நண்பருக்கு: புதிதாக நிறுவுவது பல நேரங்களில் பலன் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது சாட்சியத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. கோளாறு ஒரு டிரைவரில் இருந்தால், அதே டிரைவரை ஞாயிற்றுக்கிழமை மாலையில் நீங்களே திரும்ப நிறுவுவீர்கள். வெப்பத்தில் இருந்தால், விண்டோஸ் எத்தனை புதிதானாலும் மாற்றம் வராது.

இனி, கணினியின் அளவீடுகளைப் பதிவுசெய்யும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைப் பயன்படுத்தலாம். 1993இல் விண்டோஸ் என்டி வந்த காலம் தொட்டு உடன் வருவதால் எதையும் வாங்கவோ நிறுவவோ தேவையில்லை. பலரும் அதைத் திறந்து, ஓடும் கோட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். படிப்படியான மந்தத்துக்கு அது உதவாது. அதில் ஒரு சேகரிப்புத் தொகுப்பை உருவாக்கி, 30 வினாடிக்கு ஒருமுறை அளந்து கோப்பில் எழுதும்படி விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். இந்த இடைவெளியில் அளப்பதால் கணினிக்குச் சுமை ஏறாது.

நினைவகத்தில் மீதமுள்ள அளவு, கமிட் செய்யப்பட்ட அளவு (தருவதாக விண்டோஸ் ஒப்புக்கொண்ட மொத்த நினைவகம்), நான்பேஜ்டு பூல் என்ற நினைவகப் பகுதியின் அளவு ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். வட்டில் ஒருமுறை வாசிக்கவும் ஒருமுறை எழுதவும் ஆகும் சராசரி நேரத்தைச் சேருங்கள். ஒவ்வொரு நிரலும் தனக்கென்று பிடித்துவைத்திருக்கும் நினைவகத்தையும், அது திறந்துவைத்திருக்கும் ஹேண்டில்களின் (கோப்பு முதலியவற்றுக்கான பிடிகளின்) எண்ணிக்கையையும் சேருங்கள். சிபியுவில் எவ்வளவு விழுக்காடு பயன்படுகிறது என்பதைவிட, ப்ராசஸர் பெர்ஃபார்மன்ஸ் என்ற அளவீடு முக்கியம். சிபியு தன் அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்டால் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை அது காட்டும். நல்ல நிலையில் வேலை ஓடும்போது 100ஐத் தாண்டி நிற்கும். கடுமையான வேலையின் நடுவில் அது 100க்குக் கீழே இறங்கினால் ஏதோ ஒன்று சிபியுவைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள்.

துவாஸ்_இரவுப்பணி

அந்த இரண்டு கதவோரக் கணினிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். துவாஸில் ஒரு தொழிற்கூடத்தின் கட்டுப்பாட்டு அறைக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் என்பதால், தூசு என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆஃப்செட் அச்சில் ஈரமான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது மை மறுதாளில் ஒட்டாமல் இருக்க, மாவுபோன்ற ஒரு தூளைத் தெளிப்பார்கள். பெரும்பாலும் அது ஸ்டார்ச்சில் செய்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. கதவு திறக்கும்போதெல்லாம் அது காற்றோடு உள்ளே வரும். கணினியின் விசிறி அதை உறிஞ்சும். காகிதத் தூசும் அதோடு சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். இரவிலும் வார இறுதியிலும் குளிரூட்டியை நிறுத்திவிடும் கட்டடமாக இருந்தால், அந்தத் தூள் ஈரத்தை வாங்கி வெப்பத்தகடுகளின் இடையில் அப்பிக்கொள்ளும். வெறும் தூசாக இருந்தால் ஊதினாலே பறந்துவிடும், இது பறக்காது.

கணினியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். விசிறியைக் கழற்றி, அதற்கும் தகடுகளுக்கும் இடையில் பாருங்கள். அங்கே சாம்பல் நிறத்தில், கம்பளித் துணியை வெட்டி ஒட்டியதைப்போல ஒரு படலம் இருக்கும். காற்று அதைத் தாண்டிப் போக முடியாமல், விசிறி முழு வேகத்தில் சுற்றியும் பயனின்றி நிற்கும். இன்டெல்லின் பல மேசைக்கணினிச் சில்லுகள் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே கணினி நிற்காது, பிழை காட்டாது, மெதுவாக மட்டும் ஆகும். நீங்கள் எழுதியதும் அதுவே.

மூடியைத் திறப்பதற்கு முன்னரே இதை ஓரளவு உறுதிசெய்யலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டைத் திறந்து, கெர்னல் ப்ராசஸர் பவர் என்ற மூலத்திலிருந்து 37ஆம் எண் நிகழ்வு இருக்கிறதா என்று தேடுங்கள். சிபியுவின் வேகத்தை ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) கட்டுப்படுத்துகிறது என்று அது எழுதியிருக்கும். எல்லா வெப்பக் குறைப்பும் அங்கே பதிவாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் பதிவாகியிருந்தால் அது வலுவான சாட்சி. அதோடு வெப்பத்தை அளந்து காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோவை ஓடவிட்டு, பிற்பகலில் அந்த ஏற்றுமதியைச் செய்து, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும்போது இரண்டு விஷயம். கணினியை வடிவமைப்பு அறைக்குள் வைத்து ஊதாதீர்கள். அந்தத் தூள் அடுத்த கணினிக்குத்தான் போகும். காற்றடிக்கும்போது விசிறியின் இதழைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சுற்றினால் தாங்கி கெட்டுவிடும். நான்கு ஆண்டு ஆகிவிட்டதால், சிபியுவுக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

புதியவன்_செங்காங்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். ரேமை 64 ஜிபி ஆக்கினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாதா? எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

மென்னிழை

கசிவு, அதாவது வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராத கோளாறு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ரேமைக் கூட்டுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே பெரிய வாளியை வைப்பதைப் போன்றது. நிரம்ப இன்னும் சில வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான். கசிவே இல்லை, செய்யும் வேலைக்கே 32 போதவில்லை என்று அளவீடு சொன்னால் தாராளமாகக் கூட்டலாம்.

காக்கிபுக்கிட்_அச்சகம்

பதிவுகள் கைக்கு வந்துவிட்டன. கேட்ட எல்லோருக்கும் நன்றி.

முதலில் வெப்பம். கதவோரக் கணினிகள் இரண்டிலும் 37ஆம் எண் நிகழ்வு பலமுறை பதிவாகியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். ஏற்றுமதியின்போது ப்ராசஸர் பெர்ஃபார்மன்ஸ் 60ஐ ஒட்டி நின்றது. வெப்பம் 99, 100 என்று காட்டியது. மற்ற நான்கில் அந்த நிகழ்வு ஒன்றுகூட இல்லை. விசிறியைக் கழற்றியபோது துவாஸ் நண்பர் எழுதியபடியே படலம் இருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் மெல்லிய தோலாக உரிந்து வந்தது. உரித்த இடத்தில் வெள்ளை மாவு கையில் ஒட்டியது. எங்கள் அச்சு இயந்திரக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பார்த்த உடனே "இது நம் பவுடர்" என்றார். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றியபின் அதே ஏற்றுமதியில் வெப்பம் 75க்கு மேல் போகவில்லை. இப்போது பிற்பகலிலும் அவை மற்ற நான்கோடு சமமாக ஓடுகின்றன. அந்த நான்கே மந்தம்தான் என்பது வேறு கதை.

அடுத்து நினைவகம். இது எனக்குப் புரியவில்லை. ரீஸ்டார்ட் செய்த நாளில் நான்பேஜ்டு பூல் அரை ஜிபிக்கும் குறைவு. அதன்பின் ஒவ்வொரு வேலைநாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது; இரவில் தட்டையாக நிற்கிறது; ஞாயிற்றுக்கிழமையில் ஏறவே இல்லை. இரண்டாவது வார இறுதியில் 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. ஆனால் எந்த நிரலின் கணக்கிலும் அந்த 4 ஜிபியைக் காணோம். ஃபோட்டோஷாப் தன் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஹேண்டில் எண்ணிக்கையும் ஏறி இறங்குகிறதே தவிரத் தொடர்ந்து ஏறவில்லை.

கருந்திரை

நிரல்களின் கணக்கில் அது வராது. நான்பேஜ்டு பூல் என்பது கெர்னலும் டிரைவர்களும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும் பகுதி. பெயரிலேயே உள்ளபடி, அதை வட்டுக்கு நகர்த்த முடியாது. 4 ஜிபி அங்கே மாட்டிக்கொண்டால் உங்களுக்கு 28 ஜிபி கணினிதான் மிஞ்சும். ஃபோட்டோஷாப் இயல்பாகவே, தனக்குக் கிடைக்கக்கூடிய ரேமில் 70 விழுக்காடுவரை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. பக்கத்தில் இன்டிசைனும் இல்லஸ்ட்ரேட்டரும் பிரௌசரும் திறந்திருந்தால் மூன்றாவது வாரத்தில் நெருக்கடி வருவதில் வியப்பில்லை. அப்போது விண்டோஸ் நிரல்களின் நினைவகத்தை வட்டுக்கும் ரேமுக்கும் மாற்றிமாற்றி நகர்த்திக்கொண்டிருக்கும். சிபியு 40 விழுக்காட்டில் நின்றதற்கும் இது ஒரு காரணம், அது வட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏறவில்லை என்ற செய்தி மதிப்புள்ளது. கணினி இயங்குவதால் கசியவில்லை, ஆள் வேலை செய்வதால்தான் கசிகிறது. கோப்புகளைத் திறப்பது, மூடுவது, நெட்வொர்க்கில் எழுதுவது போன்ற ஏதோ ஒரு செயலோடு சேர்ந்து ஒரு டிரைவர் நினைவகத்தை வாங்கித் திருப்பித் தராமல் இருக்கிறது.

யார் என்று கண்டுபிடிக்க பூல்மான் என்ற கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் டிரைவர் உருவாக்கத் தொகுப்போடு அது இலவசமாகக் கிடைக்கும். பூலிலிருந்து நினைவகம் வாங்கும் ஒவ்வொரு டிரைவரும் அதில் நான்கு எழுத்தில் ஓர் அடையாளத்தை ஒட்டிவைக்கும். எத்தனை முறை வாங்கியது, எத்தனை முறை திருப்பித் தந்தது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன, மொத்தம் எத்தனை பைட் என்று பூல்மான் அடையாளவாரியாகக் காட்டும். பைட் அளவின்படி வரிசைப்படுத்தி, வேலை நடக்கும்போது அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். பெரிய எண்ணைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். நேர்மையான டிரைவர்களும் நிறைய வைத்திருக்கலாம். வேறுபாடு குறையாமல் ஏறிக்கொண்டே போகும் அடையாளமே குற்றவாளி. அந்த நான்கு எழுத்தை டிரைவர் கோப்புகள் இருக்கும் கோப்புறையில் தேடினால் பெரும்பாலும் எந்தக் கோப்பு என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன், நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து எஃப்எல்டிஎம்சி (fltmc) என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் நடுவில் நின்று எட்டிப்பார்க்கும் வடிகட்டி டிரைவர்களின் பட்டியல் வரும். அதில் நீங்கள் இப்போது பயன்படுத்தாத மென்பொருளின் பெயர் இருந்தால், முதலில் அங்கிருந்தே விசாரணையைத் தொடங்கலாம். இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை, நிறுவல் நீக்கம் என்ற பொத்தான் நீக்குவதைவிட விட்டுவைப்பதே அதிகம்.

பழைய_வன்பொருள்

நினைவகத்தைத் தேடும்போது எஸ்எஸ்டியை மறந்துவிட வேண்டாம். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கசிவு அதை விளக்காது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது? ஃபோட்டோஷாப் தன் தற்காலிகக் கோப்புகளை எழுதும் ஸ்க்ராட்ச் வட்டு எது?

ஏன் கேட்கிறேன் என்றால், இன்றைய எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவை, தரவைச் சேமிக்கும் மிகச் சிறு அறையான செல் ஒன்றில் மூன்று அல்லது நான்கு பிட் எழுதுபவை. அப்படி எழுதுவது மெதுவான வேலை என்பதால், காலியாக உள்ள பகுதியின் ஒரு பங்கில் செல்லுக்கு ஒரே பிட்டாக வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது அதை அடர்த்தியாக மாற்றி அடுக்கும். பல மாதிரிகளில் இந்த வேகப் பகுதியின் அளவு காலியிடத்தைப் பொறுத்தே அமைகிறது. வட்டு நிரம்ப நிரம்ப அது சுருங்கும். பழைய வேலைகளை அழிக்காமல் நான்கு ஆண்டு சேர்த்துவைத்த 512 ஜிபி வட்டில், பல ஜிபி ஸ்க்ராட்ச் கோப்பையும் எழுதச் சொன்னால் அது முழி பிதுங்கத்தான் செய்யும். பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ஒருமுறை எழுத ஆகும் நேரம் ஒரு மில்லி வினாடிக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் பல பத்து மில்லி வினாடி காட்டினால் இதுதான் விஷயம்.

அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம் இயங்குகிறதா என்றும் பாருங்கள். வட்டுகளைச் சீரமைக்கும் விண்டோஸ் கருவியில் கடைசியாக எப்போது ஓடியது என்று தேதியோடு இருக்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் வட்டின் ஆயுள் விழுக்காட்டைப் பார்ப்பதும் நல்லது, ஆனால் அது நன்றாக இருக்கிறது என்பதாலேயே வட்டு வேகமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. 2014இல் சாம்சங்கின் 840 ஈவோ எஸ்எஸ்டியில் நடந்தது நினைவிருக்கும். புதிதாக எழுதிய கோப்புகள் வேகமாகத் திறந்தன. மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த கோப்புகள் மட்டும் மிக மெதுவாக வாசிக்கப்பட்டன. செல்களில் மின்னூட்டம் நாளடைவில் நகர்ந்ததால் வந்த கோளாறு அது. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு ஃபர்ம்வேர் வந்தது. அதுவும் போதாமல், பழைய தரவுகளை அவ்வப்போது புதுப்பிக்கும் இன்னொன்றை 2015இல் வெளியிட்டார்கள். வட்டின் உடல்நலக் குறியீடுகள் எவையும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனவே எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேருக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று உற்பத்தியாளரின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காக்கிபுக்கிட்_அச்சகம்

எஃப்எல்டிஎம்சி பட்டியலில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் வடிகட்டிகள் இருந்தன. ஒன்று விண்டோஸோடு வரும் டிஃபெண்டர். மற்றது கணினிகளை வாங்கியபோது உடன் வந்தது. சந்தா முடிந்ததும் முறைப்படி நீக்கிவிட்டதாகத்தான் எங்கள் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. பூல்மானில் இடைவிடாமல் ஏறிய அடையாளத்தைத் தேடியபோது, அந்தப் பழைய மென்பொருளின் டிரைவர் கோப்பிலேயே போய் நின்றது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. மிச்சங்களைத் துடைப்பதற்கென்றே அவர்கள் தனியாக ஒரு கருவி வைத்திருக்கிறார்கள்; அதை ஓட்டி ரீஸ்டார்ட் செய்தபின் பூல் அரை ஜிபியைச் சுற்றியே நிற்கிறது, வேலை மிகுந்த நாட்களிலும் ஏறவில்லை. நூற்றுக்கணக்கான இணைப்புப் படங்கள் உள்ள இன்டிசைன் கோப்புகள் திறக்கும் நேரமும் குறைந்திருக்கிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, நான்கு கணினிகளில் 20 ஜிபிகூடக் காலி இல்லை. முடிந்த வேலைகளைச் சர்வருக்கு மாற்றி 150 ஜிபிவரை காலிசெய்தேன். ஸ்க்ராட்ச்சுக்கென்று ஒவ்வொன்றிலும் தனியாக ஒரு சிறு எஸ்எஸ்டி பொருத்தச் சொல்லியிருக்கிறேன். அது வருவதற்கு முன்பே ஏற்றுமதி நேரம் ஒன்றேகால் நிமிடத்துக்கு வந்துவிட்டது.

மூன்றாம் எண் கணினி மட்டும் இன்னும் அடங்கவில்லை. உள்வட்டில் இருக்கும் கோப்பு என்றால் மற்றவற்றைப்போல ஓடுகிறது. சர்வரிலிருந்து 2 ஜிபி வேலையைத் திறந்தால் மூன்று நிமிடம் ஆகிறது. பக்கத்து மேசையில் அதே வேலை அரை நிமிடத்துக்குள் திறக்கிறது.

துவாஸ்_இரவுப்பணி

நெட்வொர்க் இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 2 ஜிபிக்கு மூன்று நிமிடம் என்றால் வினாடிக்கு 11 எம்பி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய அதே அளவுதான். ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு துண்டிக்கப்படுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை வேறொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் 100 என்றே நின்றால் ஸ்விட்சில் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

காக்கிபுக்கிட்_அச்சகம்

கேபிள்தான். மேசைக்கு அடியில் நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறித் தட்டையாகக் கிடந்தது. மாற்றியதும் 1,000 எம்பிபிஎஸ் ஆகிவிட்டது. வேலையும் இருபது வினாடியில் திறக்கிறது.

பூன்லே_வாசி

எல்லாம் நன்றாக முடிந்ததில் மகிழ்ச்சி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய வைரஸ் தடுப்பின் மிச்சம்தான் கசிவுக்குக் காரணம் என்றால், நான் சொன்னபடி முதல் வாரமே புதிதாக நிறுவியிருந்தால் அது தானாகவே போயிருக்குமே. இடமும் காலியாகியிருக்கும்.

காக்கிபுக்கிட்_அச்சகம்

ஐயா, நீங்கள் சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் எங்கள் நடைமுறையில் அது நடந்திருக்காது. கணினிகள் வந்த வாரத்தில், எல்லா மென்பொருளும் நிறுவியபின் எடுத்துவைத்த ஒரு முழு வட்டுப் படிமத்திலிருந்துதான் (வட்டின் அப்படியே எடுத்த நகல்) நாங்கள் மீட்டெடுப்போம். அந்தப் படிமத்துக்குள்ளேயே அந்தப் பழைய வைரஸ் தடுப்பு இருக்கிறது. இப்போது புதிதாக ஒரு படிமம் எடுக்கப்போகிறேன், பழையதை அழித்துவிடுவேன்.

பூன்லே_வாசி

அப்படியென்றால் ஒப்புக்கொள்கிறேன். படிமத்தில் அது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை உழைப்பு வீண்தான். புதுப் படிமம் எடுப்பதற்கு முன் எஃப்எல்டிஎம்சி பட்டியலை ஆறு கணினிகளிலும் ஒப்பிட்டுவிடுங்கள். ஒன்றில் மட்டும் இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கருந்திரை

ஒரு சிறு எச்சரிக்கை. ஸ்க்ராட்ச்சுக்குப் புது எஸ்எஸ்டி பொருத்த எந்தக் கடைக்காவது கணினியை அனுப்புவதாக இருந்தால், உள்வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அச்சகம் என்பதால் வாடிக்கையாளர்கள் தரும் பெயர், முகவரிப் பட்டியல்கள் உங்கள் வட்டில் கட்டாயம் இருக்கும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்கள் நிறுவனத்தையும் சேரும்.

காக்கிபுக்கிட்_அச்சகம்

நன்றி, இங்கேயே பொருத்திக்கொள்கிறோம். கடைசியாக ஒரு கேள்வி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடவா, அப்படியே விட்டுவிடவா? முதலாளி புதுக் கணினி வாங்கும் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டார், ஆனால் காலையில் கணினி திறக்கக் கூடுதல் நேரம் ஆனால் அதையும் கவனிப்பார்.

மென்னிழை

நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்டியில் அதனால் மிச்சமாவது சில வினாடிதான். பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரின் பதிவை மட்டும் நிறுத்த வேண்டாம். கோப்பு குறிப்பிட்ட அளவை எட்டியதும் பழையதன்மேல் எழுதும்படி அமைத்துவிட்டால் இடமும் பிடிக்காது. கதவோரக் கணினிகளில் ப்ராசஸர் பெர்ஃபார்மன்ஸ் மறுபடியும் 100க்குக் கீழே இறங்கத் தொடங்கினால், விசிறியைக் கழற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்று அதுவே சொல்லிவிடும். அந்தக் கதவுக்குத் தானாக மூடும் கருவி ஒன்று போட முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், அதற்கு 2,800 வெள்ளி ஆகாது.